வெருண்ட நாயும் வெள்ளவத்தை ஒழுங்கைகளும்

கொழும்பு மாநகரைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் துறைமுகத்தைப் பாடுவர். காலிமுகத் திடலின் மாலைக் காற்றைப் புகழ்வர். புறக்கோட்டையின் சந்தடியை வருணிப்பர். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நின்று நோக்கினால் இந்நகர் எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. அவ்வுயரத்திலே கடைகளின் பெயர்ப்பலகைகள் இல்லை, கால்களே உண்டு. வானம் சிறிது, சக்கரங்கள் மிகப் பல. மனிதருடைய முகங்கள் எங்கோ மேலே மறைந்திருக்க, அவர்கள் கையிற் பிடித்த குடையின் நுனியும், பையின் அடிப்புறமும், தும்புத்தடியின் தலையுமே கண்ணெதிரே அசைகின்றன. கடந்த ஆறு திங்களாக நாம் அந்தக் கொழும்பிலேதான் உலாவி வருகின்றோம். எம்மை அங்கே அழைத்துச் சென்றது, கொட்டாஞ்சேனையிற் பிறந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்த ஒரு பெண் நாய்.

கொட்டாஞ்சேனை கொழும்பின் வடபுறம், வெள்ளவத்தை தென்புறம். இரண்டிற்கும் இடையே உள்ள வழி பத்துக் கிலோமீற்றருக்கு மேற்படாது. இரண்டிலும் தமிழ் ஒலி நிறைந்திருக்கின்றது. ஆயினும் இரண்டும் இரு வேறு உலகங்கள். கொட்டாஞ்சேனையிலே வீடும் கடையும் தெருவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஜம்பட்டா வீதியில் ஒரு லொறி வந்து நின்றால், அதன் ஒரு பக்கம் கடைக்குள்ளும் மறுபக்கம் எதிர்வீட்டுத் திண்ணையிலும் நிற்பது போலத் தோன்றும். புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்குவிமாடம் ஒருபுறம். கொச்சிக்கடைப் பக்கமாக நடந்தால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் மறுபுறம். இவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளிலும் தோட்டங்களிலும் மனிதர் எத்துணை நெருங்கி வாழ்கின்றனரோ அத்துணை நெருங்கி நாய்களும் வாழ்கின்றன.

இப்பகுதிக்கும் நாயினத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. ஒல்லாந்தர் 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் வழிபாட்டுக்குத் திறந்த தேவாலயம், புறக்கோட்டையும் கொட்டாஞ்சேனையும் சந்திக்கும் மேட்டிலே இன்றும் நிற்கின்றது. அதன் பெயர் வுல்வெண்டால். ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அச்சொல்லின் பொருள். இலங்கையிலே ஓநாய் என்னும் விலங்கே இல்லை. சதுப்பு நிலத்தில் இரவிலே ஊளையிட்டுத் திரிந்த நரிகளை ஐரோப்பியர் ஓநாய் என்று கருதியமையால் அப்பெயர் வந்தது என்பர். நரிகள் போயின, சதுப்பு மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. இன்று அத்தெருக்களில் ஊளையிடுபவை எம்முடைய ஊர்நாய்களே.

அந்நாய்களுக்கு எசமானர் என ஒருவர் இலர். ஆனால் உணவிடுவோர் பலர். ஒரு வீட்டார் காலையிலே பாண் துண்டு எறிவர். மீன் விற்பவர் தலையும் வாலும் ஈவார். சாப்பாட்டுக் கடையிலிருந்து இரவிலே எஞ்சிய சோறு வரும். அதே தெருவிலே கல்லெறிவோரும் உண்டு. வெந்நீர் ஊற்றுவோரும் உண்டு. எந்தக் கை எப்பொழுது சோறிடும், எந்தக் கை எப்பொழுது கல்லெறியும் என்பதைக் கணக்கிட்டு வாழும் கல்வியே அந்நாய்களின் கல்வி. நாம் குறிப்பிட்ட பெண் நாயும் இரண்டு ஆண்டுகள் அக்கல்வியைக் கற்றதுதான். மார்கழி மாதத்திலே ஒரு வாகனம் மோதி அதன் பின்னங்கால் முறிந்தது. அயலார் சிலர் பணம் திரட்டி மிருக வைத்தியரிடம் காட்டினர். கால் பொருந்தியது; ஆயினும் முன்போல ஓடித் தப்ப இயலாத நாயை மீண்டும் அத்தெருவில் விடுதல் கொலைக்கு ஒப்பாகும் என்று வைத்தியர் கூறினார். தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம், ஒரு பழைய துவாயிலே சுற்றப்பட்டு, முச்சக்கர வண்டியில் அது எமது தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தது. செந்நிறம் பற்றி வீட்டுப் பிள்ளைகள் அதற்குச் செம்பி என்று பெயரிட்டனர். இனி நாமும் அவள் என்றே எழுதுவோம்.

தொடர்மாடி வாழ்வில் நாய் வளர்ப்பது தனிவீட்டில் வளர்ப்பது போன்றதன்று. எமது கட்டடத்திலே இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். ஒரே படிக்கட்டு, ஒரே வாயில். குடியிருப்போர் கூடிப் பேசினர். எவரும் கடிந்து பேசவில்லை. ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. மூன்று மாதம் பார்ப்போம். அதற்குள் இந்நாய் படியிறங்கி ஏறும்போது குழந்தைகளும் முதியோரும் அஞ்சாது நிற்கக்கூடிய நிலை வரவேண்டும். வராவிடின் வேறிடம் தேடுங்கள். அவர்கள் அச்சத்தைக் குறைகூறுதல் தகாது. மூன்றாம் மாடியில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், தம் இளமையிலே நாய்க்கடிக்காக வயிற்றில் ஊசிகள் ஏற்றிக்கொண்டவர். இலங்கையிலே 1973-ஆம் ஆண்டில் மட்டும் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர் என்பது பதிவு. நாய்களுக்குத் தடுப்பூசி இடும் பணி ஆண்டுதோறும் விரிந்தமையால் அத்தொகை பத்தில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கியுள்ளது. ஆயினும் நோய் கண்டபின் பிழைப்பது மிக மிக அரிது என்பதால், அச்சம் மட்டும் எண்ணிக்கையோடு சேர்ந்து இறங்குவதில்லை.

மனிதர் நாய்க்கு அஞ்சியதற்குக் காரணம் இருந்ததுபோல, நாய்கள் கயிற்றுக்கு அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. விசர்நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893-இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901-இலும் இயற்றப்பட்டன. நெடுங்காலமாக நகரசபை வண்டிகள் தெருத்தெருவாக வரும். சுருக்குக் கயிற்றினாலே நாய்களைப் பிடித்துச் சென்று கொல்லும். அவ்வண்டியின் ஒலி கேட்ட மாத்திரத்தில் நாய்கள் மதிலேறிப் பாய்ந்ததை முதியோர் இன்றும் சொல்வர். 2006-ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்லாது விடும் கொள்கையை அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டிலே கொழும்பு மாநகர சபையும் புளூ போ அறக்கட்டளையும் சேர்ந்து கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பணியைத் தொடங்கின. ஒட்டாரா குணவர்தன அம்மையார் எம்பார்க் என்னும் அமைப்பை நிறுவி, ஊர்நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கத் தொடங்கியதும் 2007-இலேதான். செம்பி பிறந்தது இவற்றுக்கெல்லாம் வெகு காலத்தின் பின். சுருக்குக் கயிற்றை அவள் கண்டிருக்க மாட்டாள். ஆயினும் கழுத்திலே ஏதேனும் பட்டால் உயிர் போவதுபோல் அலறினாள். கட்டுண்டு ஓடமுடியாத நிலைதான் ஒரு தெருநாய்க்கு மரணத்தின் முதற்படி. அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியது இன்னது என்று தெளிவாயிற்று. ஒருவருடைய இடக்காலின் ஓரமாக, வார் தளர்ந்து தொங்க, அவருடைய நடையோடு தன் நடையைப் பொருத்தி நாய் அமைதியாக வருதல் வேண்டும். ஆங்கிலர் இதனைக் குதிகாலின் பெயரால் வழங்குவர். வேட்டைக்காரரும் போர்வீரரும் வலப்புறத்திலே துப்பாக்கி ஏந்தியமையால் நாய்க்கு இடப்புறம் வாய்த்தது என்று காரணம் கூறுவர். எமக்கோ துப்பாக்கியும் இல்லை, வேட்டையும் இல்லை. வலக்கையில் இருந்தது அவித்த ஈரல் துண்டுகள் நிறைந்த ஒரு சிறு பேணி.

முதல் வாரம் நடை என்பதே இல்லை. கட்டிலின் கீழே கிடந்தாள். அருகே சென்று தடவிக் கொடுக்கத் துடித்த பிள்ளைகளைத் தடுப்பதே பெரும் பாடாயிற்று. வெருண்ட நாயின் முகத்துக்கு நேரே சென்று குனிந்து கண்ணோடு கண் நோக்குதல், அதன் மொழியிலே சண்டைக்கு அழைப்பதாகும். பக்கவாட்டாகத் தரையிலே அமர்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பாடப்புத்தகத்தை உரக்க வாசியுங்கள் என்று பிள்ளைகளிடம் கூறினோம். அவ்வாரத்திலே செம்பிக்குச் சோழர் வரலாறு முழுவதும் பாடமாயிற்று. நான்காம் நாள் அவள் கட்டிலின் கீழிருந்து வந்து, இராசேந்திரன் கடாரம் சென்ற கட்டத்திலே, சின்னவனின் பாதத்தை முகர்ந்தாள்.

நாயின் அச்சத்தை அறிய அதன் குரைப்பை மட்டும் கேட்டாற் போதாது. வால் வயிற்றோடு ஒட்டும்; காது பின்னே படியும்; கண்ணின் வெண்மை பிறைபோலத் தெரியும். உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடும்; உணவு இல்லாதபோதும் உதட்டை நக்கும். இவற்றை அறிந்தவர் கடிபடுவது அரிது. எல்லாவற்றினும் நம்பத்தக்க அடையாளம் வேறொன்று. வீட்டிலே ஆவலோடு உண்ணும் ஈரலை வெளியிலே மூக்கருகில் நீட்டியும் நாய் தொடவில்லையானால், அதன் அச்சம் அளவு கடந்துவிட்டது என்பது பொருள். அந்நிலையிலே எதனையும் கற்பிக்க முடியாது. திரும்பி நடப்பதொன்றே செய்யத்தக்கது.

கழுத்துப்பட்டியை நாம் கைவிட்டோம். வெருண்ட நாய் பின்னோக்கி இழுத்தால் பட்டி தலைவழியே கழன்றுவிடும். காலி வீதியருகே அவ்வாறு கழன்றால் மறுமுறை பூட்டுவதற்கு நாய் இராது. மார்பையும் தோளையும் சுற்றிய வார்க்கட்டே பாதுகாப்பு. அதனையும் உடனே பூட்டவில்லை. முதல்நாள் சோற்றுத் தட்டின் அருகே வைத்தோம். இரண்டாம் நாள் முதுகின்மேல் வைத்து எடுத்தோம். எட்டாம் நாளே கொளுவினோம். வீட்டு வரவேற்பறையிலே, கதிரைகளுக்கு நடுவே, செம்பி முதன்முறையாக வாரோடு ஏழு அடி நடந்தாள். அந்த ஏழு அடிக்குப் பதினான்கு துண்டு ஈரல் செலவாயிற்று.

இங்கேதான் எதிர்பாராத ஒரு முட்டுக்கட்டை தோன்றியது. காலோரம் நடக்கும் நாய்க்கு உணவைக் காலோரத்திலேயே கொடுக்கவேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படை. உணவு எங்கே கிடைக்கின்றதோ அங்கேயே நாய் நிற்க விரும்பும். முன்னே நீட்டிக் கொடுத்தால் முன்னே ஓடும். ஆகையால் முழங்காலின் பக்கத்திலே, காற்சட்டைத் தையலோடு ஒட்டியவாறு, கையைத் தாழ்த்திக் கொடுக்கவேண்டும். செம்பி உயரம் குறைந்தவள், எனவே குனியவேண்டும். குனிந்த மறுகணமே அவள் வாரின் எல்லைவரை பாய்ந்து சுவரோடு ஒட்டி நடுங்கினாள். மீண்டும் குனிந்தோம், மீண்டும் பாய்ந்தாள். கையில் ஈரல் இருப்பதை அவள் மூக்கு அறியும், இருந்தும் பயனில்லை.

காரணத்தை விளக்கியவர் எமது கட்டடத்தின் காவலாளர். அவரும் கொட்டாஞ்சேனையிலே வளர்ந்தவர். “ஐயா, எங்கட தெருவில குனியிற ஆள் கல்லெடுக்கத்தானே குனியிறவர்” என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த அறிஞரும் கூறியிருக்க முடியாது. தெருநாய் ஒன்று துரத்தினால் வெறுங்கையோடு குனிந்தாலே அது ஓடிவிடும் என்பதைச் சிறுவர் அனைவரும் அறிவர். நாமும் சிறு வயதிலே அதனைச் செய்து களித்தவர்களே. அன்பைத் தாழ்ந்து கொடுக்கவேண்டும் என்பது எம்முடைய பாடம். தாழ்பவன் அடிப்பான் என்பது அவளுடைய பாடம். இரண்டும் ஒரே உடலசைவிலே வந்து மோதின.

நிமிர்ந்து நின்றபடியே முழங்கால் உயரத்திலே உணவு கொடுப்பது எங்ஙனம்? சமையலறையிலே விடை தொங்கியது. நீண்ட பிடியுடைய சிரட்டை அகப்பை. அதன் குழியிலே சிறிது தயிரையும் அவித்த மீனையும் பிசைந்து அப்பி, இடக்காலின் அருகே தாழ்த்தினோம். செம்பி தயங்கினாள், முகர்ந்தாள், நக்கினாள். அகப்பையைக் காலோரம் பிடித்தபடி ஓரடி வைத்தோம், அவளும் வைத்தாள். ஒரு கையிலே வாரும் மறுகையிலே அகப்பையுமாக நாம் வெள்ளவத்தை ஒழுங்கையில் இறங்கிய காட்சியைக் கண்டு, சந்தியில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர், “மாஸ்டர், எங்க அன்னதானம்?” என்று கேட்டார். கேலிக்கு அஞ்சுவோர் வெருண்ட நாயை வளர்க்கலாகாது. ஆறு வாரம் அகப்பையோடு நடந்தோம். பின்னர் வீட்டினுள்ளே ஓர் அங்குலம் குனிந்து ஒரு துண்டைத் தரையில் விழவிட்டோம். மறுநாள் இரண்டு அங்குலம். முழுமையாகக் குனியும் நாள் வருவதற்குப் பங்குனி பிறந்துவிட்டது.

வெள்ளவத்தையின் அமைப்பு இப்பயிற்சிக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் இருப்பதை நாம் அப்பொழுதே உணர்ந்தோம். கிழக்கே காலி வீதி. மேற்கே கடற்கரையோரமாக மரைன் டிரைவ் வீதி, அதற்கும் அப்பால் இருப்புப்பாதை, பின் கருங்கற்கள், பின் கடல். இவ்விரண்டு வீதிகளையும் இணைத்து ஏணிப்படிகள் போல ஒழுங்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. உருத்திரா மாவத்தை, இராமகிருஷ்ண வீதி, பிரெட்ரிக்கா வீதி, கொழும்புத் தமிழ்ச் சங்கம் அமைந்த ஐம்பத்தேழாம் ஒழுங்கை என இப்பகுதித் தெருக்களின் பெயர்களை இங்குள்ள பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். கடற்பக்கத்து ஒழுங்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையிலே பஸ்களின் இரைச்சல். மறுமுனையிலே புகைவண்டியின் முழக்கம். நடுவிலே மதிலும் மாமர நிழலும் பூனையும் அமைதியும். நடுவிலே தொடங்கி, நாயின் மனம் தாங்குமளவு ஒரு முனையை நோக்கி நகர்ந்து, தாங்காதபோது மீண்டும் நடுவிற்கு வரலாம். கொட்டாஞ்சேனையிலே இவ்வசதி இல்லை. அங்கே எல்லா இடமும் முனையே.

நாம் கையாண்ட சட்டம் ஒன்றே. வார் தளர்ந்திருந்தால் நடப்போம். வார் இறுகினால் நிற்போம். வெட்டி இழுத்தலோ அதட்டலோ இல்லை. இழுத்தால் உலகம் நின்றுவிடுகின்றது, திரும்பிப் பார்த்தால் மீண்டும் நகர்கின்றது என்பதை நாய் தானே கண்டுகொள்ளும். முதல்நாள் நூறு யார் தூரத்தைக் கடக்க முப்பத்தைந்து நிமிடம் சென்றது. இடையிடையே அவள் விரும்பிய மதிலடியை முகர விட்டோம். முகர்தலை நேரவிரயம் என்று எண்ணி இழுத்துச் செல்வோரைக் காண்கின்றோம். நாயின் மூக்கிலே மணம் அறியும் நுண்ணுறுப்புகள் எம்முடையவற்றிலும் பன்மடங்கு மிகுதி. எமக்குப் பத்திரிகை எப்படியோ அவளுக்கு அம்மதிலடி அப்படி. வாசித்தபின் மனம் அடங்கும். நேரத்தையும் ஆராய்ந்து தெரிந்தோம். விடியற்காலை ஐந்தரை மணி சிறந்தது. பிற்பகலிலே தார் வீதி அடுப்புக்கல் போலக் கொதிக்கும். புறங்கையைச் சில விநாடி வைக்க முடியாத தரையிலே நாயின் பாதத்தையும் வைத்தலாகாது.

புகைவண்டியை எதிர்கொண்டதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கோட்டையிலிருந்து மாத்தறைப் பக்கம் செல்லும் கரையோர வண்டிகள் காலையிலே அடுத்தடுத்து வரும். எமது செவி இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் கேளாது. நாயின் செவி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டதைக் கேட்கும். ஆகவே நாம் வண்டி வருவதை அறியுமுன்னரே செம்பி நடுங்கத் தொடங்குவாள். உருசிய அறிஞர் பாவ்லோவ், 1904-இல் செரிமான ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர், ஒலியையும் உணவையும் அடுத்தடுத்துத் தந்தால் ஒலிக்கே நாய்க்கு வாயூறும் என்று காட்டியதை மாணவர்கள் படித்திருப்பர். அதிலே முறை முக்கியம். முதலில் ஒலி, பின்னரே உணவு. உணவை முதலில் கொடுத்துப் பின் வண்டி வந்தால், ஈரலைக் கண்டாலே ஏதோ ஆபத்து வரப்போகின்றது என்று நாய் கற்றுவிடும். நாம் இருப்புப்பாதையிலிருந்து இருநூறு யார் தள்ளி நின்றோம். ஒலி எழுந்ததும் துண்டுகள் விழும். ஒலி அடங்கியதும் துண்டுகள் நிற்கும். ஒரு வாரத்துக்குப் பத்து யார் முன்னேறினோம். வண்டி முழங்கியபோது செம்பி கடலை நோக்காது எமது பையை நோக்கிய காலை, வெள்ளவத்தையிலே எம்மைவிட மகிழ்ந்தோர் எவரும் இரார்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. சிங்களரும் தமிழரும் ஒருங்கே கொண்டாடும் அத்திருநாளிலே சீனவெடியின் ஓசை நள்ளிரவும் ஓயாது. செம்பி குளியலறையின் மூலையிலே இரண்டு நாள் கிடந்தாள், உணவு தொடவில்லை. திரை தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, அருகே எவரேனும் ஒருவர் அமர்ந்திருந்தோம். அஞ்சும் நாயை அணைத்தால் அச்சம் வளரும் என்று சிலர் சொல்வர். அது ஆதாரமற்ற கூற்று. அச்சம் என்பது செயலன்று, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. திருநாள் கழிந்தபின் மீண்டும் வரவேற்பறை, மீண்டும் ஏழு அடி. மூன்று மாதத் தவணையோ முடிந்துகொண்டிருந்தது.

தவணை நாளிலே குடியிருப்போர் எவரும் கூட்டம் கூட்டவில்லை. வேறொன்று நிகழ்ந்தது. காலை நடை முடிந்து படியேறும்போது, மேலிருந்து அந்த மூன்றாம் மாடி அம்மையார் கோயிலுக்குப் புறப்பட்டு இறங்கி வந்தார். படிக்கட்டு ஒடுக்கம், விலக இடமில்லை. இரண்டு பேரும் நின்றுவிட்டனர் என்று எழுதுவதே பொருந்தும். அம்மையார் கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றினார். செம்பி உதட்டை நக்கினாள். நாம் வாரைத் தளர்த்தி, அவளைச் சுவர்ப்பக்கமாக அமரச் செய்து, எமது கால்களை இடையே நிறுத்தினோம். அம்மையார் ஒவ்வொரு படியாக இறங்கினார். கடந்து சென்றபின் திரும்பி, “இதுவும் என்னைப் போலப் பயந்துதான் நிக்குது” என்றார். மறுவாரம் அவருடைய வீட்டிலிருந்து ஒரு சிறு கிண்ணத்திலே பாற்சோறு வந்தது. பைரவருடைய வாகனம் அல்லவா என்று காரணமும் கூடவே வந்தது. தவணை பற்றிப் பின்னர் யாரும் பேசவில்லை.

நாலடியார் நட்பைப் பேசுமிடத்தில் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, தன்மேல் எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கும்போதும் வால் குழைக்கும் என்று நாயைப் போற்றுகின்றது. பள்ளியிலே படித்த நாளில் அதனை நாயின் பெருமையாகவே கொண்டோம். இப்பொழுது அவ்வேலை எறிந்தவனைப் பற்றியும் எண்ணத் தோன்றுகின்றது.

ஆடி மாதத்திலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியே தெற்கு நோக்கி வரும்; சில நாள் தங்கி மீண்டும் வடக்கே திரும்பும். அக்கூட்டத்துக்கும் மேளத்துக்கும் செம்பியைக் கொண்டுசெல்ல நாம் நினைக்கவில்லை. ஆனால் வேல் திரும்பியதற்கு மறு ஞாயிறு, அவளையும் வடக்கே அழைத்துச் சென்று பார்க்கும் எண்ணம் எழுந்தது. பிறந்த இடத்தை அவள் இன்னும் அஞ்சுகின்றாளா என்று அறிய விரும்பினோம். முச்சக்கர வண்டியில் காலிமுகத் திடலையும் கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்து, பேராலயத்தின் அண்மையிலே இறங்கினோம். காலைப் பூசை முடிந்து மக்கள் வெளிவந்துகொண்டிருந்தனர். பேணியும் அகப்பையும் பையிலே ஆயத்தமாக இருந்தன.

செம்பி வியப்புறும்படி நடந்தாள். ஜம்பட்டா வீதியிலே கைவண்டி இழுப்போர் உரக்கக் கூவிக்கொண்டு கடந்தனர். அவள் காது அசைந்தது, கால் தவறவில்லை. லொறியின் அருகே கூசாது சென்றாள். அவற்றோடு பிறந்தவள் அல்லவா? கடைவாயிலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய தும்புத்தடியைக் கண்டபோது மட்டும் எமது காலோடு ஒட்டினாள். ஒட்டி நின்று நிமிர்ந்து எம்மை நோக்கினாள். ஒரு துண்டு பெற்றாள்; மேலும் நடந்தாள். வார் ஒருமுறையேனும் இறுகவில்லை. அவளைப் போன்ற செந்நிற நாய்கள் இரண்டு கடைப்படியிலே கிடந்தபடி தலை தூக்கிப் பார்த்தன, மீண்டும் படுத்துக்கொண்டன.

ஒரு சந்தின் வாயிலிலே, சாக்கு விரித்துக் கச்சானும் கடலையும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எம்மை உற்று நோக்கினார். எம்மையன்று, கீழே நோக்கினார். பின் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்துவிட்டு, “அடியே சூட்டி!” என்று கூவினார். அப்பெயரை நாம் அதற்கு முன் கேட்டதில்லை. செம்பியின் உடல் முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது. மூதாட்டி தம் கூடையிலிருந்து எதையோ எடுப்பதற்காக நன்றாகக் குனிந்தார்.

வார் இறுகியது. ஆறு திங்களாகக் காத்த சட்டப்படி நாம் அந்த இடத்திலேயே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை, பொருந்திய அந்தப் பின்னங்கால் நொண்டி நொண்டிப் பாய, செம்பி முன்னேயும் நாம் பின்னேயுமாக அச்சந்தின் வாயிலை நோக்கி ஓடினோம்.